கடல் விலகிப்போன வழியே: ஆதிச்சநல்லூர் முதல் தூத்துக்குடி வரை மூன்று நாள் பயண வழிகாட்டி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் பழையகாயல், முக்காணி, ஆத்தூர், காயல்பட்டினம் என்று பெயர்ப் பலகைகள் வரிசையாக வந்து போகும். பஸ்ஸில் இருக்கும் பக்தர்களில் பாதிப் பேருக்கு அவை வெறும் நிறுத்தங்கள். முருகனைக் கும்பிட்டு, நேரமிருந்தால் மணப்பாடு கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரவு ரயிலில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. தமிழ்நாட்டின் மிகப் பழைய துறைமுகக் கதை ஒன்று அந்தப் பலகைகளுக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி ஆண்டாண்டாக வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டியது. கரை கிழக்கே நகர்ந்தது. கடல் விலக விலக, துறைமுகமும் அதன் பின்னாலேயே போனது. முதலில் கொற்கை, பிறகு பழையகாயல், அதன்பின் புன்னைக்காயலும் காயல்பட்டினமும், கடைசியில் தூத்துக்குடி. ஒரே துறைமுகம் ஊர் ஊராக இடம்பெயர்ந்ததைப் போல இருக்கும். ஆகவே இந்த ஊர்களைக் கைக்கு வந்த வரிசையில் பார்க்காதீர்கள். ஆற்றோடு இறங்கி, கடல் போன திசையில் போங்கள். மூன்று நாள் போதும்.

கிளம்பும் முன்

திருநெல்வேலியில் தொடங்கித் தூத்துக்குடியில் முடியுங்கள். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் திருநெல்வேலியில் இறக்கிவிடும்; திரும்பும்போது தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டிய அவசியம் இல்லை.

முதல் நாளுக்கு மட்டும் கார் அல்லது வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள். கொற்கைக்கும் புன்னைக்காயலுக்கும் பஸ் கிடைக்கும், ஆனால் காத்திருப்பதிலேயே பகல் போய்விடும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பஸ்ஸே போதும். திருச்செந்தூரிலிருந்து எல்லாத் திசைக்கும் அடிக்கடி வண்டி உண்டு.

காலம் தை, மாசி. சித்திரை, வைகாசியில் வெயில் கருணை காட்டாது. ஆதிச்சநல்லூரில் ஒதுங்க நிழலும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையைக் கணக்கில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு சிக்கி நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கந்த சஷ்டி, தைப்பூசம், குலசேகரப்பட்டினம் தசரா நாட்களில் பக்திக்காக வருவதென்றால் வாருங்கள். ஊர்களைப் பார்க்க அந்த நாட்கள் உதவாது. தங்க அறையும் கிடைக்காது.

தொப்பி, தண்ணீர், தோளை மூடும் உடை மூன்றும் வேண்டும். ஒரே நாளில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலும் செருப்பைக் கழற்றப் போகிறீர்கள்.

முதல் நாள்: பரம்பிலிருந்து முகத்துவாரம் வரை

காலை ஏழு மணிக்கெல்லாம் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். திருச்செந்தூர் சாலையில் செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி, ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர். சாலையோரத்திலேயே ஒரு பொட்டல் மேடு தெரியும். ஊரார் அதைப் பரம்பு என்பார்கள். நூறு ஏக்கருக்கு மேல் விரிந்த அந்த மேடு முழுவதும் இடுகாடு. தாமிரபரணியின் தென்கரையில், விவசாயத்துக்கு உதவாத பாறை நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பாறையைக் குடைந்து குழி வெட்டி, இறந்தவர்களைத் தாழியில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். விளைநிலத்தில் ஒரு குழிகூட வீணாகக்கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள்.

1876-ல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-க்குப் பிறகு சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அவருக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. 2023 ஆகஸ்டில் களத்திலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்க, நாம் மேலே நின்று பார்க்கலாம். கிளம்பும் முன் அன்று திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியின் மேல் நின்று கீழே பாருங்கள். தாழியின் விளிம்பில் குயவர் விரல் அழுத்திய தடம் வளையமாக ஓடும். அந்தத் தடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த மேடு ஒரு தொல்லியல் களமாக இல்லாமல் யாரோ ஒருவருடைய தாத்தா, பாட்டி கிடக்கிற இடமாகத் தெரிந்தது. சத்தம் போடாமல் நடந்தேன். நீங்களும் அப்படித்தான் நடப்பீர்கள்.

இங்கிருந்து ஆற்றைக் கடந்து ஸ்ரீவைகுண்டம், பிறகு வடகரையோடு ஏரல். வழியில் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்கள் ஆசை காட்டும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லும் புளியமரம் அருகில்தான் இருக்கிறது. இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். நவதிருப்பதிக்கு என்று தனியாக ஒரு நாள் வாருங்கள். ஓடிக்கொண்டே கும்பிடுகிற இடம் அல்ல அது. சிவகளையும் இந்தப் பக்கம்தான். அங்கே தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள்.

ஏரலிலிருந்து கொற்கை. முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். பாண்டியரின் துறைமுகம், யவனர் தேடி வந்த முத்துச் சந்தை என்று படித்துவிட்டு வந்தால், வயலும் வாழையும் ஒரு குளமும் சில தெருக்களுமாக ஒரு சிற்றூர் நிற்கும். கடல் ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல் வழிக் குறிப்பு இந்த ஊரைக் கொல்கை என்று சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளை வைத்துப் பாண்டியன் முத்துக் குளித்ததையும் சொல்கிறது. சங்கப் பாடல்களில் கொற்கை என்றாலே முத்துதான். 1968-69-ல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரியைச் சோதித்ததில் கி.மு. 785-ஐ ஒட்டிய காலம் தெரியவந்தது.

கொற்கையில் பார்க்க மூன்று இடங்கள். ஒன்று, குளத்துக்குள் இருக்கும் வெற்றிவேலம்மன் கோயில். இரண்டு, அருகில் உள்ள வன்னி மரம். வயது இரண்டாயிரம் என்று ஊரார் சொல்வார்கள். அடிமரம் பொந்து விழுந்து, படுத்தும் நிமிர்ந்தும் வளர்ந்திருக்கிறது. மூன்று, வயலுக்கு நடுவே உள்ள அக்கசாலைப் பிள்ளையார் கோயில். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் பட்டறை. பெயரைத் தவிர பட்டறையின் தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கல்வெட்டு மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களையும் கோயில் பெயர்களையும் ஏன் மாற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மழை பெய்த மறுநாள் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். வரப்போரம் மண் கரைந்து சங்குத் துண்டுகள் வெள்ளையாகத் தலை காட்டும். நான் போன அன்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குச்சியால் சுட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் வளைவாக, வழவழவென்று அறுத்து இழைத்திருந்தது. உடைந்த சங்கு வளையல். கடல் போய்விட்ட ஊரில் வாழை வேருக்குப் பக்கத்தில் அது கிடந்தது. அவர், "பாருங்க ஐயா, எடுக்காதீங்க" என்றார். அதையேதான் நானும் சொல்கிறேன். பாருங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பானை ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

மதியச் சாப்பாட்டை ஏரலிலோ ஆத்தூரிலோ முடித்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாப்பிட்டபின் ஒரு தரம் போட்டுப் பாருங்கள், காரம் தெரியும்.

பழையகாயலுக்கு அரை மணி நேரம் போதும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் இதுதான் என்று கால்டுவெல் நிறுவினார். ஹோர்மூஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் இங்கே வந்தன என்று போலோ எழுதிவைத்திருக்கிறார். கால்டுவெல் இந்தப் பகுதியில் சுற்றியபோது சீனப் பானை ஓடுகளும் அரபுநாட்டு ஓடுகளும் நிலமெங்கும் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். இன்று சாலையின் பக்கங்களில் உப்பளங்கள். குவித்த உப்பின் மேல் பனையோலை வேய்ந்திருப்பார்கள். மாலை வெயிலில் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்ப்பது கண்ணுக்கு இதம்.

அங்கிருந்து ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்து, ஆத்தூரில் கிழக்கே திரும்பினால் சாலை புன்னைக்காயலில் முடியும். தாமிரபரணி கடலில் கலக்கிற ஊர். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கத்தோலிக்கம் தழுவியபின், இது பெரிய தளமானது. ஹென்றிக் ஹென்றிக்கஸ், நம் மக்கள் வாயில் அண்டிரிக் அடிகளார், இந்தக் கரையில்தான் தமிழ் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் வெறும் 16 பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான, நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அது. 1586-ல் வந்த அடியார் வரலாறு புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தமிழ் அச்செழுத்தின் தொட்டில்களில் ஒன்றாக இருந்த மீனவ ஊர் இது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சகத்தின் சுவடு எதுவும் மிச்சமில்லை. ஆற்று முகத்துவாரம் இருக்கிறது, படகுகள் இருக்கின்றன, வலை பிரித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பொழுது சாயும்வரை அங்கே நின்றுவிட்டுத் திருச்செந்தூர் போய்த் தங்குங்கள்.

இரண்டாம் நாள்: மணப்பாடு, காயல்பட்டினம்

சூரியன் உதிக்கும்போது மணப்பாட்டில் இருக்க வேண்டும். திருச்செந்தூரிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-ல் இங்கே நட்டார்கள் என்பது ஊர் மரபு. ஆலயம் 1581-ல் எழுந்தது. செப்டம்பர் 1 முதல் 14 வரை திருவிழா. அந்த நாட்களில் குன்றே தெரியாத அளவுக்குக் கூட்டம்.

ஆலயத்தோடு நின்றுவிடாதீர்கள். கடல் பார்த்த சரிவில் படி இறங்கினால் புனித சவேரியார் தங்கிய குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இங்கே இருந்து செபித்தார் என்பார்கள். உள்ளே நுழையத் தலை குனிய வேண்டும். வெளியே அலை பாறையில் மோதும் ஒலி குகைக்குள் அடங்கி, மூச்சு விடுவதைப் போலக் கேட்கும். உள்ளே ஒரு சிறு கிணறு. கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர். திருச்செந்தூர் நாழிக்கிணற்றிலும் இதே அதிசயம்தான். மணல் வடிகட்டி வைத்திருக்கும் மழைநீர் எடை குறைந்தது. உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். காரணம் தெரிந்தபின்னும் கையில் அள்ளிக் குடிக்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. குகைக்கு வெளியே பாறைகளில் இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், அலை சொல்லாமல் ஏறும்.

ஊருக்குள் நடந்து பாருங்கள். இலங்கை வியாபாரத்தில் செழித்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் அகலத் தெருக்களில் நிற்கின்றன. பல பூட்டிக் கிடக்கின்றன. பனையோலைப் பெட்டிகளும் கூடைகளும் முடையும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நினைவுப் பொருள் வாங்குவதென்றால் அதை வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஓலையைக் காயவைத்து, சாயம் ஏற்றி, நார் கிழித்து முடைகிற வேலையை அருகிருந்து பார்த்தவர்களுக்குப் பேரம் பேச நா எழாது.

திரும்பும் வழியில் குலசேகரப்பட்டினம். முத்தாரம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு நகரலாம். தசராவுக்கு வேடம் கட்டி வரும் பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வந்து இங்கே சேர்ப்பார்கள். 1942 போராட்டத்தின்போது இங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்ட வழக்கு நாடறிந்தது. இப்போது இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் இங்கே வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய துறைமுக ஊருக்கு வானத்திலிருந்து ஒரு புதிய துறை.

கைவசம் வண்டி இருந்தால் உடன்குடிக்குப் போய்க் கருப்பட்டி வாங்குங்கள். பங்குனி, சித்திரையில் பதநீரும் கிடைக்கும். மெய்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம், செம்மணல் தேரிக்கும் பனங்காட்டுக்கும் மேலே எட்டத்திலிருந்தே தெரியும்.

திருச்செந்தூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் குடமுழுக்கு நடந்தபின் கூட்டம் கூடியிருக்கிறது. நண்பகலில் வரிசையில் நிற்பதைவிட, முதல் நாள் இரவிலோ மறுநாள் விடியற்காலையிலோ தரிசனத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் காயல்பட்டினம். பஸ்ஸில் 20 நிமிடம். இந்த ஊருக்கு அவசரமில்லாமல் வர வேண்டும். அரபு வணிகர்கள் வந்து தங்கி, மணம் முடித்து, தமிழ் பேசி வாழ்ந்த ஊர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இங்கே வீட்டு மொழியாகவும் நூல் மொழியாகவும் இருந்தது. பெரிய குத்பா பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்தால் பாண்டிய நாட்டுக் கல்தச்சர்களின் கை தெரியும். உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூவும் கொடியும். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெண்கள் எதுவரை போகலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் அன்போடு வழிகாட்டுவார்கள்.

இந்த ஊரின் பெரிய அழகு வீடுகளின் அடுக்கில் இருக்கிறது. திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுப்பது இங்கே வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அக்கா, தங்கை வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் அமையும். தெருக்களுக்கு இடையில் முடுக்குகள் என்று குறுகிய சந்துகள் ஓடுகின்றன. பெண்கள் வீட்டுக்கு வீடு போக வர அமைந்த பாதை அது. ஆண்கள் அதில் நுழைவதில்லை. நீங்களும் நுழையாதீர்கள், சந்து முனையில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

ஊரில் பழக்கமானவர் யாராவது கல்யாண வீட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி இருவர் மூவராக உட்கார்ந்து களறிக்கறி சாப்பிடுவதில் அறிமுகமில்லாதவரும் ஒரே தட்டுக்காரர் ஆகிவிடுகிறார். அழைப்பு இல்லாதவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. மாலையில் ஊரே அங்கேதான்.

மூன்றாம் நாள்: தூத்துக்குடி

துறைமுகம் கடைசியாக வந்து நின்ற ஊர். காலையில் பனிமய மாதா பேராலயம். மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து வந்தது என்பது மரபு. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் கட்டி முடிந்தது. ஆகஸ்ட் 5 திருவிழா. தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடாது. முக்கியமான ஆண்டுகளில் மட்டும்தான். 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரை டச்சுக்காரர் பிடித்தார்கள், பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கடற்கரைச் சாலையில் நடந்தால் இந்தக் கைமாற்றங்கள் கட்டடங்களாக நிற்கும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஆங்கிலேயரோடு போட்டி போட்டதும் இந்தத் துறையில்தான். அவர் பிறந்த ஓட்டப்பிடாரத்தில் நினைவில்லம் இருக்கிறது. அரை நாள் மிச்சமிருந்தால், பாஞ்சாலங்குறிச்சியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. முத்துக் குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே வயதானவர்கள் வாயில்தான் கேட்கும். ஒரு காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்ட ஒருவர் கரையில் இல்லாமல் யாரும் கடலில் குதிக்க மாட்டார்கள். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். சங்குக்குளி மட்டும் இன்றும் உண்டு. குளியாட்கள் வசிக்கும் தெருக்களில் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எத்தனை பாகம் (இரு கை விரித்த அளவு) ஆழம் என்பதை விரல் மடக்கிச் சொல்வார்கள்.

மாலையில் பழைய துறைமுகம் பக்கம் போங்கள். உள்ளே அனுமதி இல்லாவிட்டாலும் வெளியிலிருந்தே தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் இன்றும் தோணியில் போகின்றன. மரத்தோணி கட்டுகிற கைகளும் இந்த ஊரில் இருக்கின்றன. வெங்காய மூட்டையும் செங்கல்லும் ஏற்றுகிறவர்களின் குரல் சுவருக்கு வெளியே கேட்கும்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பு மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வேறொன்றும் கிடையாது. காற்றுப் பட்டால் நமத்துவிடும், லேசாக அழுத்தினாலும் நொறுங்கிவிடும். பையின் அடியில் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.